உச்சரிப்பு மட்டும்

மெட்ராஸில் ஜப்பானிய மொழி வகுப்பில் ஒரு நாள் வாத்தியார் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. கரும்பலகையில் மலையைக் குறிக்கும் சித்திர எழுத்தைப் போட்டுவிட்டு, "இதைப் பார்த்ததும் இதோட உச்சரிப்பு உங்க மனசுல எப்படி வருது? சத்தமா வருதா, எழுத்தா வருதா?" என்றார். பேங்கில் வேலை பார்த்த ஒருத்தர், இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக ஓடும் என்றார். காலேஜ் பெண் ஒருத்தி, ஜப்பான்காரர்களுடைய எளிய எழுத்திலேயே சித்திர எழுத்தின் தலைக்கு மேல் பொடியாகத் தெரியும் என்றாள். இன்னொருவர் கேசட்டில் பாடம் நடத்தும் பெண்ணின் குரல் அப்படியே காதில் கேட்கும் என்றார். கொடுத்து வைத்த மனுஷன். என் முறை வந்தபோது, "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் வராதுங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அது பொய்.

எனக்கு வருவது என் அண்ணனின் கையெழுத்து. மலை என்ற எழுத்தின் தலைமாட்டில் 'யமா' என்று தமிழில், பென்சிலில், கொஞ்சம் மேலே ஏறினாற்போல எழுதியிருக்கும். மாவன்னாவின் காலை மட்டும் நீளமாக இழுத்து விட்டிருப்பான். மழை, ஆறு, கை, கால், வாய் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். எனக்குச் சத்தமும் வராது, குரலும் வராது. அந்தப் பென்சில் எழுத்து முதலில் வந்து நிற்கும். அதைப் படித்த பிறகுதான் நான் வாயைத் திறக்க முடியும். இதை வகுப்பில் எழுந்து நின்று எப்படிச் சொல்வது? சொன்னால் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் போனால் பேச்சு ஒரே ஓர் எழுத்தில் போய் முட்டும். அதன் உச்சரிப்பு என்னவென்று கேட்டு நான்தான் அவனுக்குக் கடிதம் போட்டேன். உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், அவனிடம் கேட்டிருக்கக் கூடாது.

எங்கள் வீடு ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில், ஒரு காபி எஸ்டேட்டுக்குள் இருந்தது. அப்பா அங்கே கணக்கு எழுதும் ரைட்டர். அண்ணன் எட்டாவதோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் சமையல்கட்டில் சேர்ந்தான். அங்கிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து கோபே என்ற துறைமுக ஊரில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை. போய் ஏழாவது வருஷம், அதே கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ஜப்பான் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பினான். அம்மா மூன்று நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நான்தான் பற்ற வைத்தேன். நாலாம் நாள் போட்டோவை எடுத்து முந்தானையால் துடைத்துப் பார்த்து, "மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பா இருந்திருக்கலாம். மத்தபடி லட்சணமாத்தான் இருக்கறா" என்றாள். அத்தோடு சமாதானம் ஆகிவிட்டது.

அதன் பிறகு அண்ணனின் கடிதங்களுக்கு அடியில் அண்ணியும் நாலு வரி ஜப்பான் மொழியில் எழுத ஆரம்பித்தாள். அம்மாவுக்கு அது இருப்புக்கொள்ளவில்லை. "நம்மளத் திட்டித்தான் எழுதியிருக்கறாளோ என்னமோ, யாரு கண்டா? நீ ஊட்டுல சும்மாதான குந்தியிருக்கற. அதப் படிச்சுச் சொல்லு கண்ணு" என்றாள். ஏதோ பக்கத்து ஊர் வெள்ளக்கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்பதுபோலச் சொன்னாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, மாப்பிள்ளை வருவான் வருவான் என்று நான் உட்கார்ந்திருந்த காலம் அது. மாப்பிள்ளை வந்த பாடில்லை, ஜப்பான் மொழிதான் வந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்புப் புத்தகங்களை அண்ணன் அனுப்பி வைத்தான். ஒவ்வொரு சித்திர எழுத்தின் தலைக்கு மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு, பக்கத்திலேயே அர்த்தம். நம்ம 'க'வை வைத்துக்கொண்டு காக்காய் என்றும் எழுதுகிறோம், கங்கை என்றும் எழுதுகிறோம் இல்லையா, அந்தக் குழப்பம் வேண்டாம் என்று கங்கையின் கவுக்கு மட்டும் அடியில் ஒரு புள்ளி வைத்தான். எட்டாவது ஃபெயிலான ஆள் தானாகவே கண்டுபிடித்த ஏற்பாடு. கடையில் வேலை முடிந்து, கை முழுக்க வெங்காய வாசனையோடு உட்கார்ந்து எழுதுவதாக ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தான். புத்தகத்தை மூக்கில் வைத்துப் பார்த்தேன், புதுக் காகித வாசனைதான் அடித்தது.

அந்த எழுத்துகளின் அழிச்சாட்டியத்தை என்னவென்று சொல்ல! ஒரே எழுத்து. தனியாக நின்றால் ஒரு உச்சரிப்பு, இன்னொன்றோடு ஜோடி சேர்ந்தால் வேறு. பிறப்பைக் குறிக்கும் எழுத்து ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் அண்ணன் மார்ஜினில் மேலிருந்து கீழ்வரை எழுதிக்கொண்டே போய், கடைசியில் "இன்னும் இருக்குது சாமி, இப்போதைக்கு இது போதும்" என்று முடித்திருந்தான். நான் காபிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். பழம் பறிக்கிற பொம்பளைங்க, "ஏனுங்க ரைட்டர் அம்மிணி, யாருகூடப் பேச்சு? சப்பான்ல இருந்து மாப்பிள்ளையுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்று வருஷத்தில் நான் அண்ணியின் வரிகளை அம்மாவுக்குப் படித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். திட்டெல்லாம் ஒன்றுமில்லை. இங்கே பனி பெய்கிறது, உங்கள் உடம்பு எப்படி, உங்கள் மகன் தினமும் உங்கள் ரசத்தைப் பற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான். அம்மாவுக்கு ரசம் என்ற வரியில் மூக்கு விடைத்துக்கொள்ளும்.

புத்தகத்தில் இல்லாத எழுத்து அண்ணியின் வரிகளில் வந்தால்தான் வம்பு. அதற்கு அண்ணனின் பென்சில் எழுத்து கிடையாது, அதனால் எனக்கு அது ஊமை. அகராதி ஒன்று அனுப்பியிருந்தான். தடிமன் ஒரு செங்கல் இருக்கும். ஆனால் அது உச்சரிப்பு வரிசையில் அடுக்கியது. உச்சரிப்பு தெரிந்தால்தான் பக்கத்தைத் திருப்ப முடியும், ஊமைக்கு அங்கே இடமில்லை. ஆள் பேர் தெரியாமல் ஓர் ஊருக்குப் போய் வீடு விசாரிக்கிற கதைதான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மாசா மாசம் ஊமை எழுத்துகளை ஏரோகிராமின் ஓரத்தில் பெரிதாகப் பார்த்து வரைந்து அனுப்புவேன். அவன் அடுத்த கடிதத்தில் வரிசையாக உச்சரிப்பும் அர்த்தமும் எழுதி அனுப்புவான். அவனுக்கே தெரியாததை அண்ணியிடம் கேட்டு எழுதுவான். கேட்காமல் விட்ட மாசம் கிடையாது, பதில் வராத மாசமும் கிடையாது.

ஒரு தடவை ஏற்காடு போஸ்ட் ஆபீசில் ட்ரங்க் கால் போட்டுப் பேசினோம். அண்ணன் அம்மாவோடு பேசிவிட்டு ஃபோனை அண்ணியிடம் கொடுத்தான். அம்மா ரிசீவரை என் காதில் வைத்து அழுத்தினாள். மெல்லிசாக ஒரு குரல் என்னவோ சொன்னது. நான் கண்ணை மூடிக்கொண்டு பென்சில் எழுத்து வருமா என்று பார்த்தேன். எங்கே வரும்? எழுத்தைப் பார்த்தால்தானே அதற்கு மேல் உச்சரிப்பு வரும், குரலுக்கு மேல் எதைப் பார்ப்பது? "பேசுடி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கற?" என்று அம்மா இடுப்பில் இடித்தாள். பதற்றத்தில் 'யமா' என்றேன். மலை! மூன்று வருஷம் படித்த படிப்புக்கு மலை என்று ஒரு வார்த்தை. அந்தப் பக்கம் அண்ணி சிரித்துவிட்டு அவளும் 'யமா' என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது. வெளியே வந்ததும் அம்மா எல்லோரிடமும், எம்பொண்ணு மருமவகிட்ட நொம்ப நேரம் பேசினா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பஸ் வரும்வரை தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வருஷம் மாசி கடைசியில், வயிற்றில் புண் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாக அண்ணன் எழுதினான். "அல்சர்னு சொல்றாங்க. கொஞ்ச நாள் படுத்திருந்தாச் சரியாப் போயிடுமாம். கண்ட நேரத்துல தின்னதுக்கு இது வேணும்" என்று விளையாட்டாகத்தான் எழுதியிருந்தான். அதற்குப் பின்னாலேயே அண்ணியிடமிருந்து தனியாக ஒரு கவர் வந்தது. என் பேருக்கு அவளாகத் தனியாக எழுதிய முதல் கடிதம். எனக்கு ஒரே பெருமை. அதை அப்பாவின் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன்.

ஒரே பக்கம்தான். சின்னப் பிள்ளைக்கு எழுதுவதுபோல எளிய வரிகளாக எழுதி, ஒவ்வொரு சித்திர எழுத்துக்கு மேலேயும் பொடியாக உச்சரிப்பைப் போட்டிருந்தாள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் போடவில்லை. உங்கள் அண்ணனின் உடம்பைப் பற்றி டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார் என்று ஒரு வரி. அடுத்த வரியில் அந்த எழுத்து, அதன் பிறகு 'என்று சொன்னார்'. அப்புறம் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நாலு இடத்தில். கடைசியில், அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள் என்று இருந்தது. மன்னிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்கள் என்று அண்ணன் எழுதியிருக்கிறான்.

அந்த எழுத்தையே உற்றுப் பார்த்தேன். என் புத்தகங்களில் இல்லை, ஊமைதான். ஆனால் அதன் துண்டு துணுக்கெல்லாம் எனக்குத் தெரிந்தவை. மேலேயும் இடது பக்கமும் நோயைக் குறிக்கும் கூரை. கூரைக்குள்ளே மூன்று வாய். வாய்களுக்கு அடியில் ஒரு மலை. நோய், வாய், மலை. எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது, அதாவது பிடிபட்டதாக நினைத்துக்கொண்டேன். மலை மலை என்று வாய் ஓயாமல் புலம்புகிற நோய்! ஊர் ஏக்கம்! மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? கவலைப்பட்டால் வயிற்றில் புண் வரும் என்று சேலத்து டாக்டரே சொல்லியிருக்கிறார். இத்தனை வயசில் ஊருக்கு ஏங்குகிறான் என்று அவனிடமே சொன்னால் வெட்கப்படுவான், அதனால்தான் டாக்டர் பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

அம்மாவிடம் படித்துச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து வருஷமாக அவன் தன்னை மறந்துவிட்டான் என்று உள்ளுக்குள் வைத்திருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது. "எம்பையனுக்கு ஊரு கேக்குது பாரு! அங்க என்னதான் இருந்தாலும் நம்ம ஊரு மாதிரி வருமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லி எழுது என்றாள். அன்றைக்கே நாரத்தங்காயை நறுக்கி உப்புப் போட உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும் ஆள் கணக்கு எழுதும் செக்ரோலை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊரு ஏக்கத்துக்கு டாக்டர் எதுக்குக் கண்ணு தனியாக் கூப்புட்டுச் சொல்றாரு?" என்றார்.

"அங்கெல்லாம் அப்படித்தாம்ப்பா."

"அந்தப் பொண்ணு ஏன் இத்தனை தடவை மன்னிப்புக் கேக்குது? எனக்கு என்னமோ சரியாப் படல. யாராச்சும் விசயம் தெரிஞ்சவங்ககிட்டக் காட்டிக் கேட்டுட்டு எழுதலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஜப்பான் எழுத்து உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் செக்ரோலை மறுபடியும் விரித்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. 'என்னிடம் மட்டும்' என்ற அந்த 'மட்டும்' ஊமை எழுத்தே இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. கண்ணால் படித்தேன், புத்தியில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே அண்ணனுக்கு ஏரோகிராம் எழுதினேன். கிண்டலாகத்தான் எழுதினேன். "அண்ணி உன்னைப் பத்திப் புகார் எழுதியிருக்காங்க. அங்க போயும் மலை மலைன்னு புலம்பிட்டு வயித்தைப் புண்ணாக்கிக்கிட்டியாமே? டாக்டரே சொல்லிட்டாராம்!" என்று. திருவிழாவுக்கு வரச் சொன்னேன். பிறகு வழக்கம்போல ஓரத்தில் அந்த மாசத்து ஊமைகள் நாலையும் வரைந்தேன். நாலாவதாக அதை வரைந்தேன். மற்றதைவிடப் பெரிதாக, ஒரு கோடு விடாமல், அண்ணியின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "அண்ணி எழுதினது இதுதான். அர்த்தம் நானே கண்டுபிடிச்சுட்டேன். உச்சரிப்பு மட்டும் சொல்லு" என்று எழுதி ஒட்டினேன். எஸ்டேட் தபால் பையில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. முதல் மூன்று எழுத்துக்கும் எப்போதும்போல உச்சரிப்பும் அர்த்தமும் இருந்தன. நாலாவதுக்கு 'கன்' என்று எழுதி, கவுக்குக் கீழே புள்ளி வைத்திருந்தான். அர்த்தம் எழுதவில்லை. அதன் கீழே இப்படி இருந்தது:

"நீ கேட்ட மாதிரி உச்சரிப்பு மட்டும் எழுதியிருக்கறேன் சாமி. அர்த்தம் உம்பட அகராதியில இருக்கும், பாத்துக்க. இத நான் யாருகிட்டயும் கேக்கல, எனக்கே தெரியும். இங்க ஆஸ்பத்திரி மாடிப்படிக்குப் பக்கத்துல ஒரு போர்டுல இந்த எழுத்து போட்டு அம்புக்குறி காட்டியிருக்கும், தினமும் பாப்பேன். அந்தப் பக்கம் என்னை ஒரு நாளும் கூட்டிட்டுப் போகல, அதனால அது நமக்கில்லைன்னு இருந்துட்டேன். உன் லெட்டரப் பிரிக்கும்போது அண்ணி பக்கத்துலதான் ஆப்பிளுக்குத் தோல் சீவிட்டிருந்தா. சட்டுன்னு மடிச்சுட்டேன், அவ பாக்கல. என்ன எழுதியிருக்கறான்னு கேட்டா. ஊர்ல திருவிழாவாம்னு சொன்னேன். எனக்குத் தெரியும்கறது அவளுக்குத் தெரிய வேண்டாம். அம்மாவுக்கு நீ சொன்னதே இருக்கட்டும். உம்மேல தப்பில்ல கண்ணு. எழுத்து அனுப்பறத நிறுத்தாத."

அகராதியை எடுத்துக்கொண்டு காபிக் கிடங்குக்குப் பின்னால் போனேன். இப்போது உச்சரிப்பு இருக்கிறது, பக்கம் உடனே கிடைத்துவிட்டது. அதே எழுத்து, அதே மூன்று வாய், அதே மலை. எதிரே இங்கிலீஷில் ஒற்றை வார்த்தை. புற்றுநோய். ஐயோ, ஐயோ என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. சத்தமாகச் சொல்லக்கூட முடியவில்லை, நாலு அடி தள்ளிப் பொம்பளைங்க காபிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் டாக்டர் இந்த வியாதியை வீட்டாரிடம்தான் சொல்வாராம், படுத்திருப்பவரிடம் சொல்ல மாட்டாராம். பின்னால் தெரிந்துகொண்டேன். நம்ம ஊரிலும் என்ன வாழ்ந்தது, இதேதான். அவனிடம் சொல்லிவிடாதே என்று அண்ணி எழுதாததற்குக் காரணம் இதுதான். போய்ச் சொல்கிற ஒருத்தி இருப்பாள் என்று யார்தான் நினைப்பார்கள்? அந்த ஒன்றுக்கு மட்டும் அவள் ஏன் உச்சரிப்புப் போடவில்லை என்பதையும் யோசித்துப் பார்த்தேன். போட்டால் அது வாயால் சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று பயந்திருப்பாள். அவளால் சொல்ல முடியாததை நான் ஓரத்தில் பெரிதாக வரைந்து அவள் புருஷன் படுக்கைக்கே அனுப்பி வைத்தேன். விளையாட்டுப் பேச்சு வேறு.

என்ன செய்ய முடியும்? அண்ணிக்கு உண்மையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'உங்கள் கணவருக்குத் தெரியும்' என்று எழுத எனக்கு வேண்டிய எழுத்தெல்லாம் தெரியும். ரெண்டாம் வகுப்புப் பாடம்தான். எழுதினேன், கிழித்தேன். அவன்தான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறானே. அம்மாவிடம் சொல்லலாம் என்று போனால் அவள் நாரத்தங்காய் ஜாடியை வெயிலில் திருப்பி வைத்துக்கொண்டு, "உச்சரிப்பு என்னன்னு அண்ணன் எழுதிருச்சா கண்ணு?" என்றாள். "ம்" என்றேன். ஜப்பானுக்குப் போக முடியாது. ட்ரங்க் கால் போட்டால் என்ன பேசுவது, மறுபடியும் மலை என்று சொல்வதா? அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஐந்து மாசம். இரண்டு பேரிடமிருந்தும் எனக்குத் தனித்தனியாகக் கடிதம் வந்தது. அண்ணி எழுதுவாள்: இன்று அவர் சிரித்தார், வீடு திரும்பியதும் எந்த மசாலா வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமலே இருக்க வேண்டும், நானும் அவர் எதிரில் சிரிக்கிறேன். அண்ணன் எழுதுவான்: இன்னைக்கு மசாலா லிஸ்ட் போட்டேன், அவளுக்கு ஒரு தெம்பு வரட்டும்னுதான். ரெண்டு கடிதமும் ஒரே பையில் வந்து சேர்ந்த நாளும் உண்டு. ஒரே அறையில் உட்கார்ந்து ஒருத்தருக்கு ஒருத்தர் நடித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த விஷயம் இத்தனை கடல் தாண்டி என் ஒருத்திக்கு மட்டும் தெரியும். யார் பக்கம் பேசினாலும் இன்னொருத்தரைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் ரெண்டு பேருக்கும் மழையைப் பற்றியும் காபிப் பூவைப் பற்றியும் எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

எழுத்து அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. உண்மையில் ஊமைகள் தீர்ந்துவிட்டிருந்தன. அவனுக்காக அகராதியின் கடைசிப் பக்கங்களிலிருந்து பொறுக்கி எடுத்து அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பேன், எங்காவது அந்த நோய்க் கூரை இருக்கிறதா என்று. இருந்தால் தள்ளி வைத்துவிடுவேன். பதில்கள் வந்தன. பென்சில் எழுத்து வரவர மெலிந்தது, மேலே ஏறுகிற வரி சமமாகி, பிறகு கீழே இறங்கியது. திருவிழாவும் வந்து போனது. புண் ஆறிவிட்டதாம், கடையில்தான் லீவு கிடைக்கவில்லையாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோயிலுக்குப் போய் அவனுக்காக வேண்டிக்கொண்டு, "அடுத்த வருசம் அவனே வந்து கும்புடுவான்" என்றாள். கடைசியாக வந்த கடிதத்தில் ஒரே ஓர் எழுத்துக்குத்தான் பதில் இருந்தது. தமிழில் பாதி எழுதி விட்டிருந்தான். அதைப் படிக்க முடியவில்லை.

தந்தி வந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அம்மா, நாரத்தங்காயை யாருக்குப் போட்டேன் யாருக்குப் போட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாசம் கழித்து அண்ணியின் கடிதம் வந்தது. நாலு பக்கம். இந்தத் தடவை எந்த எழுத்துக்கு மேலேயும் உச்சரிப்புப் போட்டிருக்கவில்லை, நான் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு ஓர் எழுத்துகூட ஊமையாக இல்லை. அம்மா, அப்பா ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் படித்துச் சொன்னேன். வியாதியின் பேரை அண்ணி எழுதியிருந்தாள். அதையும் தமிழில் சொன்னேன். அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு, "ஊரு ஏக்கம்தான் முத்தி அப்படி ஆயிருச்சாட்ட இருக்குது" என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே படித்தேன்.

"அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு நாள்கூட அவர் பயப்படவில்லை. தினமும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடுதான் உள்ளே போனேன். உங்கள் மகனுக்காக என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் அம்மா. இதைச் சரியாகச் செய்தேன் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். தங்கைக்கும் நன்றி. அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தும் அவரிடம் சொல்லாமல் காப்பாற்றினாள்."

கடைசி வரியைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் என் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வரி மிச்சம் இருப்பது அவளுக்கே தெரிந்தது. படித்துவிட்டேன்.

அம்மா வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் தலையில் கை வைத்தாள். "பெத்தவ நானு. பக்கத்துல இல்லாமப் போயிட்டேன். ஆனாலும் ரெண்டு பேருமாச் சேந்து அவன நிம்மதியா அனுப்பி வச்சிருக்கறீங்க. நீங்க நல்லா இருப்பீங்க சாமி. அவன் ஒண்ணும் தெரியாமத்தான் போனான், அது நீ செஞ்ச புண்ணியம்தான்னு அந்தப் பொண்ணுக்கு எழுது. இப்பவே எழுது" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எழுதினேன். ஓர் எழுத்துகூடத் தப்பில்லாமல் எழுதினேன்.